துடைத்த படம்

கேமரா லென்ஸ் வாங்க நான் வங்கியில் பட்ட கடன் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். ஏரிக்கரையில் ஒரு தேன்சிட்டாவது இருப்பதைப் படத்தில் காட்டினால் பறவை வாழும் இடமென்று அங்குள்ள எங்கள் வீடுகளை அரசாங்கம் இடிக்காதாம். பதினோரு மாதம் அலைந்து, விடியலில் முருங்கைப் பூவில் தொங்கிய ஒன்றை எடுத்துவிட்டேன். வெளிச்சம் போதாமல் படமெங்கும் புள்ளி.

படங்களை வாங்கும் அரசு அலுவலகத்து மரகதவல்லி அதைப் புள்ளி துடைக்கும் மெஷினில் போட்டாள். புள்ளிகள் போயின, பூ மட்டும் இருந்தது.

"குருவி எங்கம்மா?"

"இந்த ஊர்ல அந்த இனமே அழிஞ்சுபோச்சுன்னு லிஸ்ட்ல இருக்குண்ணே. அதான் மெஷின் அதையும் புள்ளின்னு துடைச்சிருச்சு."

"அப்ப நான் எடுத்தது பேயையா? துடைக்காம அனுப்பு தாயீ."

"துடைக்காத படத்த வாங்க மாட்டாங்கண்ணே."

வெள்ளிக்கிழமை வீடுகளை இடித்தார்கள். செங்கல் குவியலில் நின்றபோது வங்கியிலிருந்து போனில் செய்தி வந்தது. பறவை இல்லாத ஊரில் பறவைப் படத் தொழிலும் இல்லையாம். என் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.