ஆளில்லாத் தீவு, மூன்று நாள்

"கோழி கூவலாமா, கூடாதா? அதை மட்டும் தெளிவாச் சொல்லிடும்மா."

தொலைபேசியில் கேட்டவர் ஒரு குட்டித் தீவின் தலைவர். பதில் சொல்ல வேண்டியவள், பணக்காரர்களுக்குத் தனி விமானப் பயணம் ஏற்பாடு செய்து தரும் அலுவலகத்தில் திட்டம் போடுகிறவள்.

"கோழியே இருக்கக் கூடாதுங்க ஐயா. எங்க வாடிக்கையாளர், ஒரு பெரியவர், மூணு நாள் தங்கறார். அவர் கண்ணுல ஓர் உயிர் படக் கூடாதாம்."

"மீனு?"

"மீன் இருக்கலாம். தண்ணிக்குள்ளதானே இருக்கு."

தலைவர் யோசித்தார்.

"அப்ப நாங்களும் மூணு நாள் கழுத்தளவுத் தண்ணியில நின்னுக்கவா?"

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'முடியாது' என்று யாரும் சொல்லக் கூடாது. வானத்தை வில்லாக வளைக்கச் சொன்னாலும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே 'பார்க்கலாம்' என்றால் 'ஆயிற்று' என்று பொருள். அவள் நாக்கும் அப்படியே பழகிவிட்டது.

"உங்களுக்கு வேற இடம் பார்க்கலாங்க ஐயா" என்றாள்.

நாளை முதல் அவளுக்கும் மூன்று நாள் விடுப்பு. கணவனுக்கு ரொட்டித் தொழிற்கூடத்தில் இரவு வேலை. அவன் வீட்டுக்குள் நுழையும்போது இவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணமானதிலிருந்து வாசற்படியில்தான் குடித்தனம். கெஞ்சிக் கூத்தாடி இருவரும் ஒரே சமயத்தில் விடுப்பு வாங்கியிருந்தார்கள். எங்கும் போகப்போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப்போகிறார்கள்.

"உன் போன் ஒரு தடவை அடிச்சுதுன்னா நான் கிளம்பி வேலைக்கே போயிடுவேன்" என்று அவன் மிரட்டியிருந்தான்.

தீவுக்காரர்களை எங்கே வைப்பது?

மேலாளருக்குத்தான் அந்த யோசனை வந்தது. பெரியவர் தீவில் இருக்கும்போது அவருடைய மாளிகை காலிதானே? அவரைக் கொண்டுபோய் விடுகிற விமானமே முதலில் இவர்களை ஏற்றி வந்துவிடட்டும். பெரியவரின் செயலாளர் தலையாட்டினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாதவரை பெரியவருக்கு ஆட்சேபணை இல்லையாம்.

தீவுத் தலைவருக்கு இருந்தது.

"அவர் கண்ணுல நாங்க படக் கூடாதுன்னா, எங்க கண்ணுலயும் யாரும் படக் கூடாது. நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா?"

"பார்க்கலாங்க ஐயா."

ஆக, மாளிகையின் வேலைக்காரர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. சமையல்கார அக்கா போனில் கத்தினாள்.

"எங்களுக்கு வேற வீடு ஏது தங்கச்சி? நாங்க குடியிருக்கிறதே இங்கதான். தோட்டக்காரர், காவலாளி, டிரைவருங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிக்கறது?"

போனை வைத்தவளை மேலாளர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ நாளையிலேர்ந்து லீவுதானே? லீவுன்னா எங்கயாவது ஊருக்குப் போவே. அப்ப உன் வீடு காலி."

அவள் வாயைத் திறந்தாள். முடியாது என்ற சொல் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"பார்க்கலாம் சார்."

அவர் சாவிக்குக் கையை நீட்டிவிட்டார்.

மறுநாள் நண்பகல், அவளும் கணவனும் அவளுடைய அலுவலகத்துக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் திரும்பும்வரை மற்றவர்கள் எல்லாரும் விமான நிலையத்திலேயே; இங்கே ஈ காக்கை இல்லை. வாடிக்கையாளர்களுக்கான தோல் சோபாவில் அவர்களுடைய தலையணைகள் கிடந்தன.

"நம்ம கட்டில்ல இப்ப யாரு படுத்திருப்பா?" என்றான் அவன்.

"டிரைவர்கள்ல உயரமானவர்."

"கால் வெளியே நீட்டிக்கிட்டிருக்குமே, பாவம்."

இருவரும் சிரித்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியே வெயில் அவன் முகத்தில் விழுந்தது. அவன் காதோரத்தில் ஒரு மச்சம் இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

பெரியவர் பத்திரமாகத் தீவில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. இனி அணைத்துவிடலாம் என்று போனை எடுத்தாள்.

அது அடித்தது.

"அம்மா, நான்தான். தீவுலேர்ந்து பேசறேன்."

பெரியவரின் குரலை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. எல்லாம் செயலாளர் வழியாகத்தான். கல்லுப் போலிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் குரலாக இருந்தது.

"எல்லாம் நீங்க கேட்ட மாதிரிதானேங்க இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. ஒரு ஈ எறும்பு இல்ல." பின்னால் அலை மட்டும் கேட்டது. "பழக்கத்துல வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன். ஒரு குழந்தை எடுத்துச்சு. நான் யாருன்னுகூடக் கேக்கல. பின்னால ஒரே சிரிப்பு. பாத்திரம் உருளுது. யாரோ யாரையோ திட்டறாங்க. என் வீட்டுல நான் இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லம்மா. மாடிப்படியில நான் இறங்கினா, இருக்கிறவங்க அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கிடுவாங்க. அப்புறம் குழந்தை போனை வெச்சிருச்சு. இப்ப அடிச்சா யாரும் எடுக்கல."

அவள் எதிரே, கணவன் தன் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தான்.

"நீங்க ஊர்லதானே இருக்கீங்க?" என்றது குரல். "ஒரு தடவை என் வீட்டுக்குப் போயி, நீங்க பேசற இந்தப் போனை அணைக்காம, கூடத்துல ஒரு மூலையில வெச்சிட்டு வந்துடறீங்களா? யாரும் எங்கிட்டப் பேச வேண்டாம். மூணு நாளைக்குத்தான்."