மூடிப்போன ஆலையின் கடைசி பாட்டில்

ஸ்காட்லாந்தில் எப்போதோ மூடிப்போன ஆலைகளின் விஸ்கியைத் தனிஸ்லாஸ் ஒருமுறை முகர்ந்து குடித்தால் போதும். அவர் மூக்கில் மாட்டியிருக்கும் இயந்திரம் அங்கிருந்தே வாசனையைப் படித்துக்கொண்டு, அதே சரக்கைப் புதுச்சேரியில் வடித்துவிடும். நகல் என்று அச்சிட்டுத்தான் விற்போம் என்று அவரும் கூட்டாளி குலசேகரனும் மாதா கோயிலில் சத்தியம் செய்திருந்தார்கள்.

தனிஸ்லாஸின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, மெழுகு முத்திரை உடையாத பாட்டில் ஒன்றைக் குலசேகரன் கொண்டுவந்தான்.

"நகல் இல்ல மச்சான், அசல். உலகத்துலேயே கடைசி பாட்டில். உனக்காகத் தேடிப் புடிச்சேன்." சொல்லும்போது அவன் கண்கூடக் கலங்கியது.

தனிஸ்லாஸ் ஒரு மிடறு குடித்தார். புகை, கடலுப்பு, கொஞ்சம் தேன். எல்லாவற்றுக்கும் பின்னால், மிக மெல்லிசாக, நீலகிரித் தைலம்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒருநாள், கடும் ஜலதோஷத்தை மறைத்து, மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். பாழாய்ப்போன இயந்திரம் தைலத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று குலசேகரன் ஒருவனிடம் மட்டும் சொல்லி அழுதார். அன்று வடித்தது முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டதாக அவன்தான் வந்து ஆறுதல் சொன்னான்.

"எப்படி மச்சான் இருக்கு?"

தனிஸ்லாஸ் பாட்டிலை மூடி, அவன் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"மூக்கடைப்பே விட்டுப்போச்சுடா."