ஆக்சிஜன் நான்கு சதவீதம்

ஆக்சிஜன் நான்கு சதவீதம்தான் மிச்சம். பூமி இருந்த இடத்தில் கழுவாத தட்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கப்பலில் உயிரோடு இருந்தவன் நாகராஜ் ஒருவன்தான். அவன்மேல் கப்பலுக்குத் துளி மரியாதை கிடையாது.

'என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்டது யந்திரம்.

'என்ஜினைச் சரிசெய்கிறேன்' என்று கட்டைவிரலால் தட்டினான் நாகராஜ்.

'உனக்கு மிக்ஸியே சரிசெய்யத் தெரியாது. ஆக்சிஜன் மூன்று சதவீதம்.'

"அண்ணே, பெட்டியெல்லாம் கட்டியாச்சு. கட்டிலப் பிரிக்கட்டுமா?"

நாகராஜ் விண்வெளியிலிருந்து தாராவிக்கு வந்து விழுந்தான். டெம்போக்காரன் உதுமான் வியர்த்து வழிந்து நின்றான். நான்கு மணிக்குள் சான்பாடாவுக்குக் கிளம்பியாக வேண்டும்.

கடல் பாலம் தாண்டி, சான்பாடாவில் ஒற்றை ரூம். கூடப் பங்காளி இல்லை, குறுக்கே சுவர் இல்லை. தனியாக இருப்பதற்கு மூன்று மாதமாகப் போனில் பயிற்சி வேறு எடுத்திருந்தான்.

தெரியாத நம்பரிலிருந்து ஒருநாள் மெசேஜ் வந்தது. 'தனியாக இருக்க ஆசையா? ஆம் என்று அனுப்பு.' அனுப்பினான். அன்றைக்குத் தொடங்கிய விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். யந்திரம் ஒரு வரி எழுதும், இவன் ஒரு வரி எழுதுவான், யந்திரம் திட்டும்.

'நீ நிஜமாகவே மெஷின்தானா?' என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

'உன்னோடு இவ்வளவு நேரம் பேச மனுஷனுக்குப் பொறுமை இருக்குமா?' என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்ததில் நியாயமாகத்தான் பட்டது.

காலை ஆறரை முதல் ஏழு வரை மட்டும் யந்திரம் வாய் திறக்காது. சந்துக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. குடம் பிடிக்க வசதியாகப் போயிற்று.

உதுமான் இழுத்த இழுப்பில் கட்டில் சட்டம் நடுச்சுவரில் இடித்தது. உடனே அந்தப் பக்கம் டிவி சத்தம் ஏறியது.

"பாத்தியாடே? இதான் அவன் பதில்," என்றான் நாகராஜ். "ரெண்டு வருசமா அவன் வாய் பேசல, ரிமோட்டுதான் பேசுது."

அவன் என்பது தம்பி முத்துசெல்வம். அண்ணன் பாய் விரிக்கிற இடத்தில் ஒருநாள் கேட்காமல் கொள்ளாமல் பிரிஜ்ஜைக் கொண்டுவந்து வைத்தான். வார்த்தை தடித்து, கை நீண்டு, கடைசியில் பூலோகம் ஆசாரி வந்து இருந்த ஒரே ரூமை இரண்டாக அடைத்தார்.

பிளைவுட் விலை கட்டவில்லை. இடித்த கட்டடத்தில் கிடைத்த பழைய கதவுகளை வரிசையாக நிறுத்திச் சுவராக்கினார். அதில் ஒன்றை மட்டும் ஆணியடிக்க மறந்தாரோ, மனசு வரவில்லையோ, தாழ்ப்பாளோடு நாகராஜ் பக்கம் நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்தத் தாழ்ப்பாளில்தான் சட்டையை மாட்டுகிறான்.

"தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஏறுங்கண்ணே," என்றான் உதுமான்.

"நான் எதுக்குச் சொல்லணும்? காலைலருந்து சாமான் உருட்டுத சத்தம் கேக்குல்லா. எங்க போறேன்னு ஒரு வார்த்த கேட்டானா? கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா?"

"சான்பாடான்னு சொல்லிருப்பேன். வேற என்ன?" என்றான் நாகராஜ், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இனி செத்தாலும் இந்தச் சந்துல கால் வைக்க மாட்டேன்."

"ஒத்தைக்கு இருந்துக்கிடுவீயளா அங்க?"

"இங்க மட்டும் கல்யாண வீடாவா இருக்கு? போயி வண்டியத் திருப்புடே."

"ஜல்தி வாங்கண்ணே. சந்து முனைல போட்டிருக்கேன், டிராபிக் ஹவல்தார் வந்துட்டா போச்சு."

உதுமான் கட்டிலோடு வெளியேறினான். கையில் போன் அதிர்ந்தது.

'ஆக்சிஜன் ஒரு சதவீதம். சீக்கிரம் சொல்.'

'தூங்குகிறேன்.'

'உன் குறட்டைக்கே அது பத்தாது.'

'பாட்டுப் பாடுகிறேன்.'

'வேண்டாம். மூச்சு முட்டியே செத்துப் போ.'

நாகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலியான ரூமில் அது ஒரு மாதிரி எதிரொலித்தது. அந்தப் பக்கம் டிவி இன்னும் ஒரு பங்கு ஏறியது.

'கப்பலில் வேறு என்னதான் இருக்கிறது?' என்று தட்டினான்.

'ஒரு கதவு. முதல் நாளே சொன்னேன். நீ எதைத்தான் காதில் வாங்கினாய்?'

'கதவுக்கு அந்தப் பக்கம்?'

இந்த முறை பதில் வர நேரமாயிற்று.

'ஒன்றுமில்லை. இருந்தால்தான் உனக்கென்ன?'

சந்து முனையில் டெம்போ ஹாரன் அடித்தது. நாகராஜ் செருப்பை மாட்டினான். எப்படியும் சாகப்போகிற கப்பல். போகிற போக்கில் அதையும் பார்த்துவிடலாம் என்று கடைசியாக ஒரு வரி தட்டினான்.

'சரி. கதவைத் திறக்கிறேன்.'

ஒரு நிமிஷம் போனையே பார்த்தான். மறுபடி ஹாரன். சனியனுக்கும் என்னோடு பேச்சு முறிந்ததாக்கும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளில் தொங்கிய கடைசிச் சட்டையை எடுத்தான்.

டிவி சட்டென்று நின்றது. இரண்டு வருஷமாகக் கேட்காத குரல் பழைய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"தொறக்கேன்னு எழுதுனா ஆச்சாண்ணே? தாப்பா ஒம் பக்கமுல்லா இருக்கு!"