பாசிக்கார மாப்பிள்ளை

“தண்ணி பாய்ச்சவே வேணாமா?” என்று மறுபடியும் கேட்டார் பெண்ணின் அப்பா தாமோதரன்.

“தண்ணியிலதானே கீது, மாமா,” என்றான் பன்னீர்செல்வம்.

பெண் பார்க்க வந்த இடம். கூரத்துப் பையன், ராமேஸ்வரம் பக்கம் கடலில் பாசி பயிர் செய்கிறான் என்று தரகன் நான்தான் அழைத்து வந்திருந்தேன். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. பெண் ஞானசுந்தரி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய் வெகு நேரமாகிவிட்டது. அவளைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

“வரப்பு?”

“கடல்ல இன்னா வரப்பு? கம்பு நட்டு, கயிறு கட்டி, அதுல பாசியைத் துண்டு துண்டா கோத்து வுட்டா அதுபாட்டுக்கு வளரும். எருவும் வேணாம், மருந்தும் வேணாம். ரெண்டு மாசத்துல அறுப்பு.”

“ஆடு மாடு மேயாதா?”

“மீனுதான் வரும். குஞ்சு பொரிச்சிக்கினு அங்கியே தங்கிடும். பாசி வளர்ற எடத்துல கடலே தெளிஞ்சி கீது, மாமா.”

“யாரு வாங்கறாங்க?”

“ஐஸ்கிரீம் பண்றவன், மாத்திரை பண்றவன், துணிக்குச் சாயம் அச்சடிக்கிறவன். ஜப்பான் வரைக்கும் கப்பல்ல போவுது.”

ஜப்பான் என்றதும் நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் சொல்லிக் கொடுத்த பொய்களில் அது இல்லை.

தாமோதரனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உத்திரமேரூர் ஏரிக்குள் மாடு மேய்கிற காலம் அது. கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வரும். போட்ட பயிரெல்லாம் கருகி, விற்றது போக ஒரு துண்டு நிலம் மட்டும் வைத்திருந்தார்.

“மாப்ளே, அந்தத் துண்டையும் தள்ளிடறேன். காசு மொத்தமும் உங்க கையில. என் பேர்லயும் கடல்ல கயிறு கட்டிடுங்க.”

பன்னீர்செல்வம் பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தான். “வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்,” என்று எழுந்துவிட்டான்.

வீடு வரைக்கும்கூடப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே சொன்னான்.

“பொண்ணு கறுப்பா கீது. வேணாம்னு சொல்லிடுங்க.”

“நீ மட்டும் இன்னா பசும்பாலா?”

“வேற எதுவும் சொல்லாதீங்க தரகரே. கறுப்புன்னே சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். தாமோதரன் செருப்பைக் கழற்றினார். என்னை அடிக்கவில்லை, அதைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அவர் சம்சாரம் தாயாரம்மாள் தெருவில் இறங்கி, “அவன் பாசி அழுவிப் போவ,” என்று மண்ணை வாரித் தூற்றினாள். உள்ளே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு நிலத்தை விற்கும் பேச்சே தாமோதரன் எடுக்கவில்லை. கடல் என்று யாராவது சொன்னால் காறித் துப்பினார்.

ஆடி மாதம் கூரத்துப் பக்கம் போனபோது, ஒரு சூளையில் பன்னீர்செல்வம் செங்கல் சுமந்துகொண்டிருந்தான்.

“இன்னாப்பா, ஜப்பானுக்குக் கல்லும் போவுதா?”

அவன் சிரிக்கவில்லை. கல்லை இறக்கி வைத்தான்.

“பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே புயல்ல எல்லாம் போச்சு தரகரே. கம்பு, கயிறு, பாசி, ஒண்ணும் மிச்சமில்ல. பாசியைக் குத்தம் சொல்லக்கூடாது, நல்ல பயிருதான். காத்துதான் பொல்லாதது. மறைச்சிப் பொண்ணைக் கட்டிக்கலாம்னுதான் வந்தேன். கடைசித் துண்டையும் வித்துக் குடுக்கறேன்னாரு, மனசு வரல.”

“நெசத்தைச் சொல்லியிருக்கலாமே. அந்தப் பொண்ணை ஏன்டா கறுப்புன்னே?”

“புயல்ல போச்சுன்னா வுடுவாரா அவரு? மறுபடி கட்டலாம் மாப்ளேன்னு நெலத்தை வித்துக்கினு வந்து நிப்பாரு. பொண்ணைப் பழிச்சவன் கையில மட்டும்தான் எந்த அப்பனும் காசைக் குடுக்கமாட்டான்.”