வெள்ளையின் கடிகாரம்

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் தில்லைநாயகத்துக்கு எதிரே வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தவள் அவருடைய மருமகள் மங்கை. ஸ்பானிஷ் திறப்பு என்னும் பழைய காய்நகர்த்தல் முறையில் தொடங்கிய ஆட்டம். அவள் ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் அவருடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. அவளோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் கடிகாரம் ஓடி முடியட்டும் என்றிருந்தாள்.

"ஆடும்மா," என்று பல்லைக் கடித்தார்.

"யோசிக்கிறேன் மாமா."

"என்னத்த யோசிக்கிற? நேரம் போனா தோத்துருவ."

"பரவால்ல மாமா. சுத்தி நம்ம சொந்தக்காரங்க நிக்கிறாங்க."

அத்தனை பேருக்கு முன்னால் பிச்சை வாங்கி ஜெயிப்பதா? முதுகை நிமிர்த்தி, தன் ராஜாவைத் தானே சாய்த்தார்.

"வெள்ளை ஜெயிச்சதுன்னு எழுதுங்க," என்று நடுவரிடம் சொல்லிவிட்டு, ஆட்ட வழக்கப்படி அவளிடம் கையை நீட்டினார். அவள் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"கையைக் குடும்மா, சொல்றேன்ல."

நீட்டிய கை அந்தரத்திலேயே இருந்தது.