புற்றுமண் மேடு

காலையில் பல் துலக்குகிறேன். தேநீர் குடிக்கிறேன். பிறகு தடியொன்றை எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போய் மலக்குழியின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன். மார்கழிக் குளிர் கையில் ஏறுகிறது. ஐந்து நாள் மழையில் வாவி வேலிவரை வந்துவிட்டது. அடுத்த வளவில் அழகரத்தினம் அண்ணனின் குழி பொங்கிக் கிணற்றில் கலந்துவிட்டது. எங்களுடையதும் பொங்கினால் இந்த ஒழுங்கையில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தடியை விட்டுப் பார்க்கிறேன். குழிநீர் மூடியிலிருந்து ஒரு சாண் கீழேதான் நிற்கிறது. குழியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புற்றுமண் மேடு. சோதனைச் சாவடியில் சீமெந்தை உள்ளே விடாததால், ஐப்பசியில் என் மனைவி தவமலர் வயல் வட்டையிலிருந்து புற்றுமண் சுமந்துவந்து குழைத்து அறைந்தது. வெள்ளம் அதில் முட்டி இரண்டாகப் பிரிந்து போகிறது. மூடிக்கடியில் மழை படாத இடத்தில் அவளுடைய விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. அழகரத்தினம் அண்ணன் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வருகிறார். “கக்கூசுக்கும் கோயில் கட்டுறியா புள்ள எண்டு பகிடி பண்ணினன் தம்பி,” என்கிறார். குடத்தை இறக்கிவிட்டு மேட்டையே பார்த்து நிற்கிறார். நானும் நிற்கிறேன். மேடு கட்டிய மறுநாள் அவள் சந்தைக்குப் போனாள். அங்கே ஷெல் விழுந்தது. போகும்போது படலையில் நின்று சொன்னாள்: “மண் இன்னும் காயல்ல. மேல ஏறி மிதிச்சிராதீங்க.”