மீன் வாடை

கல்யாணமான மறுவாரமே தயாபரன் சொல்லிவிட்டான், "மீன் வாடை எனக்கு ஆகாது." அதன்பின் ஒன்பது வருடங்கள் எழிலரசி சந்தையில் மீன்கடைகளைத் தாண்டிப் போய்க் கத்தரிக்காய் வாங்கினாள். தனக்கு மட்டும் சமைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நேற்று மதியம் மழைக்காக ஒரு மெஸ்ஸுக்குள் ஒதுங்கினாள். மூலை மேசையில் தயாபரன் வறுத்த சங்கரா மீனை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாடை ஆகாதுன்னீங்களே?"

அவன் நிமிரவில்லை. "ரெண்டு பேருக்கு வாங்கினா கட்டுப்படியாகுமா எழில்? ஒருத்தருக்குன்னா முடியுது."

அவள் எதிரே உட்கார்ந்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எனக்கு ரெண்டு சங்கரா" என்றாள்.

விரல்களுக்கு முள் எடுக்க மறந்துபோயிருந்தது. ஒன்று ஈறில் குத்தியது. அவள் நிறுத்தவில்லை.